அஷ்டமி நாளுக்கு ஆள் தேடியது

எங்கள் பயிற்சி அறையில் ஒரு டியூப் லைட் இருந்தது. பாதி வெளிச்சம்தான் தரும். பழுது ஒன்றுமில்லை. அதன்மேல் கொடுத்தவர் பெயர், அவருடைய அப்பா பெயர், ஊர், கடை எல்லாம் சிவப்புப் பெயின்டில் எழுதி, கடைசியில் ‘உபயம்’ என்று முடித்திருந்தார்கள். எழுத்துக்கு நடுவில் கிடைக்கிற இடுக்கில்தான் வெளிச்சம் வரவேண்டும். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் ஒரு குடும்பமே சுற்றிக்கொண்டிருக்கும். பீரோ, பெஞ்சு, தண்ணீர் டிரம், எவர்சில்வர் தம்ளர், எதுவும் பெயரில்லாமல் கிடையாது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். மறந்துபோன எழுத்தையெல்லாம் இந்தச் சாமான்களைத் துடைத்துத் துடைத்துத்தான் மறுபடியும் கூட்டிப் படித்தேன்.

கணபதிப் பகுதியில் லேத்துப் பட்டறைகள் வரிசையாக இருக்கிற சந்துக்குள் எங்கள் இடம். இரண்டு அறை, ஒரு தகரக் கொட்டகை. நடக்க முடியாத பிள்ளைகளையும் உட்கார முடியாத பிள்ளைகளையும் காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தாய்மார்கள் வேலைக்குப் போவார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா தொடங்கிய இடம் அது. அவரை நாங்கள் மேடம் என்போம். என்னை எல்லோரும் ஆயாம்மா என்பார்கள். தூக்குவது, கழுவுவது, ஊட்டுவது என் வேலை. பிள்ளையைத் தூக்கும்போது ஒரு நாளும் என் கை நழுவியதில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

பயிற்சி கொடுக்கப் பவானியிலிருந்து வந்த ஒரு டீச்சர் இருந்தாள். முப்பது வயசு இருக்கும். பக்கத்துத் தெருவில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். பிள்ளைகளைப் பெரிய ரப்பர் பந்தின்மேல் குப்புறப் போட்டு உருட்டுவாள், இறுகிப்போன காலை நீட்டி மடக்குவாள். அவள் கை பட்டுத்தான் ஆறு வயசுப் பெண் பிள்ளை ஒன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கத் தொடங்கியிருந்தது. பிறக்கும்போது மூச்சு முட்டிப் பிறந்த பிள்ளை. அதன் அம்மா கிரைண்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். ஒரு வாரம் பயிற்சி இல்லாவிட்டாலும் அந்தக் கால் பழையபடி கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். தீபாவளி லீவில் அதை நானே பார்த்தேன்.

எங்களுக்குப் பணம் ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு சின்ன ஊரில் வயசானவர்கள் சேர்ந்து அனுப்பியது. அவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு எங்களைத் தெரியாது. இந்த வருஷத்தோடு முடித்துக்கொள்கிறோம் என்று மரியாதையாகக் கடிதம் வந்தது. மேடம் முதலில் தூரத்துப் பிள்ளைகளைக் கூட்டிவருகிற வேன் டிரைவரை நிறுத்தினார். பிறகு என்னை அரை நாளாக்கினார். அரை நாள் வேலை செய்ய எனக்குத் தெரியாது, முழு நாளும் நின்றேன். கடைசியில் டீச்சரின் சம்பளம் பாதியானது.

மேடம் பெரிய கம்பெனிகளுக்கு எழுதினார். வந்து பார்த்தார்கள், சக்கர நாற்காலி கொடுத்தார்கள். பெரியவர்கள் உட்காருகிற அளவு. எங்கள் பிள்ளைகளை உட்காரவைத்தால் சறுக்கி அடியில் போய்விடும். சம்பளம் என்று கேட்டதும், அதற்கு எங்கள் விதியில் இடமில்லை என்றார்கள். நான் மேடத்திடம் கேட்டேன், “ஏனுங் மேடம், அரிசிக்கு இடமிருக்குது, நாற்காலிக்கு இடமிருக்குது, ஆளுக்கு மட்டும் இடமில்லீங்களா?”

“ஆள நிர்வாகச் செலவுங்கறாங்க ஆயாம்மா.”

“அப்ப நானும் நிர்வாகமுங்களா?”

“ஆமா, நீங்களும்தான்,” என்று மேடம் சிரித்தார். இத்தனை வருஷம் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துக்கொண்டே நிர்வாகம் செய்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் காந்திபுரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் டீச்சரைக் கூப்பிட்டார்கள். இங்கே வாங்குவதைப்போல இரண்டு மடங்கு. மாசக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும். அவள் ஒளிக்கவில்லை. மேடத்திடம் சொன்னாள், என்னிடமும் சொன்னாள். “ஊட்டுல கடன் இருக்குதுங்க ஆயாம்மா, நான் என்ன பண்ணட்டும்?” என்றாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கம்பியைப் பிடித்து நிற்கிற அந்தப் பிள்ளையைப் பார்க்கும்போது எனக்குத் தீபாவளி லீவுதான் ஞாபகம் வரும்.

இதில் எனக்குப் புரியாதது ஒன்று உண்டு. சோற்றுக்கு மட்டும் எங்களுக்கு ஒரு நாளும் குறைவு வந்ததில்லை. பிறந்த நாள், கல்யாண நாள், திதி என்று யாராவது வந்து சாப்பாடு போடுவார்கள். முகூர்த்த நாளென்றால் மூன்று வீட்டுக் கேசரி வந்துவிடும். பட்டறைக்காரர்களுக்கும் கொடுத்து அனுப்புவோம். சோறு போடுகிற கை சம்பளத்துக்கு ஏன் மடங்கிக்கொள்கிறது? யாரையாவது கேட்டுவிடவேண்டும் என்று இருந்தேன்.

எங்கள் சந்து முனையில் பம்பு வார்ப்படக் கம்பெனி வைத்திருக்கிற முதலாளி ஒருவர் பேரன் பிறந்த நாளுக்குச் சுவர்க் கடிகாரம் கொண்டுவந்தார். என் வயசுக்காரர், நல்ல மனுஷர். கடிகாரத்தின் முகத்தில் பேரன் படம். ஸ்டூல்மேல் ஏறி அவரே ஆணி அடித்தார். நான் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏனுங் மொதலாளி, நம்முகட்ட ஏற்கெனவே நாலு கடிகாரம் இருக்குதுங்க.”

“இருக்கட்டுமுங்க, ஒண்ணு நின்னா ஒண்ணு ஓடும்.”

“நாலும் ஓடுதுங்க. டீச்சருதான் நின்னுருவாங்களாட்ட இருக்குது. இதுக்குப் பதுலா அவிய சம்பளத்துக்குக் குடுத்திருக்கலாமில்லீங்க?”

அவர் சுத்தியலைக் கீழே இறக்கினார். “சம்பளமுங்கறது உங்க பாடுங்க. நாங் குடுக்கறது புள்ளைங்களுக்கு.”

“அவிய கையும் புள்ளைங்களுக்குத்தானுங்க.”

“கையில பேரெழுத முடியாதுங்களே!” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் நல்லவர்கள் விளையாட்டாகச் சொல்வதில் சில சமயம் நிஜம் வந்து விழுந்துவிடுகிறது. எனக்கு இரண்டு நாள் அதே யோசனை.

நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். எங்கள் கோயிலில் செத்தவர்களுக்காகப் பூசை வைக்கக் காணிக்கை கொடுப்போம். சாமியார் காலைப் பூசையில் பெயரைப் படிப்பார். அவ்வளவுதான், அதற்குமேல் கையில் பிடித்துப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. ஆனாலும் அதற்கு வரிசையில் நிற்கிறோம். எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் ஒரு கரும்பலகை உண்டு. ‘இன்றைய கட்டளைதாரர்’ என்று தினம் ஒரு பெயர் எழுதிவைப்பார்கள். அன்றைக்கு ஆகிற பூசைச் செலவு அவருடையது. மறுநாள் அழித்துவிடுவார்கள். அதற்கும் ஆள் குறைவதில்லை. ஆக, சாமான்தான் வேண்டுமென்று இல்லை. ஒரு நாள் தன்னுடையதாக இருந்தால் போதும். அப்படியென்றால் டீச்சரின் நாளை ஏன் அப்படிக் கொடுக்கக் கூடாது?

மேடத்திடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “யோசனை நல்லாத்தான் இருக்கு. டீச்சர் என்ன நினைப்பாங்களோ?”

டீச்சர் முகம் சிவந்துபோனாள். “எம்மேல போர்டு மாட்டறீங்களா ஆயாம்மா? நானென்ன டியூப் லைட்டுங்களா?”

“உம்மேல இல்ல கண்ணு, வாசல்ல. உம்பேரே வராது. இன்னைக்கிப் பயிற்சி இன்னாரு கட்டளைன்னு மட்டும்.”

கையை உதறிவிட்டுப் பிள்ளைகளிடம் போய்விட்டாள். சாயங்காலம் பந்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், “சரி. போட்டோ எடுக்கப்படாது. குடுக்கறவிய ஒரு மணி நேரம் உக்காந்து பாக்கோணும். சும்மா பேரெழுதிட்டுப் போகப்படாது.” அவளுக்கும் ரோசம் உண்டு. அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்.

முதல் ஆளாக அந்த முதலாளியிடமே போனேன். கோயில் கட்டளை மாதிரிதானுங்க என்று விளக்கினேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. நான் நினைத்ததைவிட அதிகமாகவே புரிந்துவிட்டது. அதில்தான் தப்பு நடந்தது.

வளர்பிறைப் பஞ்சமியாகப் பார்த்து நாள் குறித்தார். அன்று காலை ஒன்பது மணிக்கெல்லாம் இரண்டு காரில் வந்து இறங்கினார்கள். எல்லோரும் தலைக்குக் குளித்து, பெண்கள் பட்டுச்சேலை, ஆண்கள் கரை வேட்டி. முன்னால் அவருடைய சம்சாரம் தட்டோடு வந்தார்கள். தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, ஒரு ரவிக்கைத் துணி. ஒரு மாலை வேறு. டீச்சர் சுடிதாரின் கையை மடித்துவிட்டுக்கொண்டு பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா தட்டை அவள் கையில் கொடுத்துக் கும்பிட்டார்கள். பின்னால் வந்த ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் கும்பிட்டார்கள். டீச்சர் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதோடு போகவில்லை. நல்ல காரியத்துக்கு முன்னால் வாய் இனிக்கட்டும் என்று, நான் தம்ளர் எடுக்கப் போன நேரத்தில் பிள்ளைகளுக்கெல்லாம் நெய் சொட்டக் கேசரி ஊட்டிவிட்டார்கள். பயிற்சி முடிந்துதான் எதுவும் கொடுக்கவேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஊருக்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். டீச்சர், கம்பி பிடித்து நிற்கிற நம் பிள்ளையைப் பந்தின்மேல் குப்புறப் போட்டு இரண்டு உருட்டு உருட்டியிருப்பாள். பக்கத்தில் பக்தியோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்த முதலாளியின் வேட்டியில் அது அவ்வளவையும் கக்கிவிட்டது.

நான் துணி எடுக்க ஓடினேன். அவரோ வேட்டியைப் பார்த்துவிட்டு, “போகுதுங்க, நம்ம கேசரிதானுங்களே” என்றார்.

நான் பிள்ளையைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தேன். டீச்சர் பந்தை விட்டுவிட்டுக் காலை நீட்டத் தொடங்கினாள். பிள்ளை கத்தியது. வலிக்கும், கத்தத்தான் செய்யும். நாங்கள் தினமும் கேட்கிறோம். வந்தவர்களில் பாதிப்பேர் வெளியே போய்விட்டார்கள். முதலாளி சம்சாரம் மட்டும் போகவில்லை. பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே பாயில் உட்கார்ந்தார்கள்.

“ஏனுங் டீச்சர், புள்ளைய இப்படி அழுக வெக்கோணுமுங்களா?”

“அழுதாத்தானுங்க நடக்கும்.”

“எத்தன நாளைக்கு?”

“ரெண்டு வருசம் ஆகலாமுங்க.”

“அப்ப நாங்க ஒரு நாளைக்குக் குடுத்தா என்னுங்க ஆகும்?”

டீச்சர் காலை விடாமல் சொன்னாள், “ஒண்ணும் ஆகாதுங்க. நாளைக்கும் நீட்டுனாத்தான் இன்னைக்கி நீட்டுனது நிக்கும்.”

இப்படிப் பட்டென்று சொல்லிவிட்டாளே, கொடுக்க வந்தவர்களை விரட்டிவிடுவாள் போலிருக்கிறதே என்று எனக்குப் பக்கென்றது. அந்த அம்மா முந்தானையால் பிள்ளையின் கண்ணைத் துடைத்துவிட்டார்கள். பிறகு, “மாசாமாசம் இந்தப் பஞ்சமி எங்களுதுன்னு எழுதிக்கங்க” என்றார்கள். அதோடு விடவில்லை. வீட்டுக்குப் போய்த் தங்கச்சி, கொழுந்தியா, சம்பந்தி என்று எல்லோருக்கும் போன் போட்டிருக்கிறார்கள். மாசத் தேதியெல்லாம் வரிசையாக எழுதிவைத்த எங்கள் வாசல் பலகைக்கு ஒரே வாரத்தில் ஆள் வரத் தொடங்கினார்கள். இந்தத் தடவை கேசரியை நான் முதலிலேயே வாங்கி உள்ளே வைத்துவிடுவேன்.

ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது சுவரில் தொங்குகிற நாள்காட்டியை. தாளைப் புரட்டிப் புரட்டி, “அன்னைக்கி அஷ்டமிங்களே, வேற நாள் குடுங்க” என்பார்கள். அஷ்டமி வேண்டாம், நவமி வேண்டாம், கரிநாள் வேண்டாம். வெள்ளிக்கிழமை காசு வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. அதற்கு வியாழக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று வழி கண்டுபிடித்தோம். அதே மாதிரி, பணத்தை நல்ல நாளில் கொடுத்துவிட்டு அஷ்டமியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதலாளியிடம் கேட்டுப் பார்த்தேன். “பணம் நல்ல நாள்ல வந்துரும். பேரு அஷ்டமியில வருமில்லீங்க?” என்று மடக்கிவிட்டார்.

நான் பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டே யோசிப்பேன். அஷ்டமியன்று நீட்டினால் நீளாதா? சதைக்கும் நரம்புக்கும் நாள் தெரியுமா? பார்த்தேன், நன்றாகத்தான் நீண்டது.

டீச்சர் பலகையைப் பார்த்துவிட்டு, “அஷ்டமி நவமிக்கு எனக்குப் பசிக்காதுங்களா ஆயாம்மா?” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் மாசக் கடைசிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அடுத்த மாசத்துக்கு எழுதியிருந்த வரிசையில் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. முழு மாசமும் நிறைந்தால் பழைய சம்பளத்தைத் தர முடியும் என்று மேடம் சொல்லியிருந்தார். ஓட்டையைக் காட்டி யாரையும் இருக்கச் சொல்ல முடியாது.

அஷ்டமி நவமி இல்லாதவர்கள் யார் என்று நினைத்தபோதுதான் என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். நாங்கள்தான் இருக்கிறோமே.

ஆனால் எங்கள் ஜனத்திடம் போய் நான் கேட்கவேண்டும். அதுதான் எனக்குக் கஷ்டம். என் அம்மா தோட்டத்துக் கூலி. கொட்டாங்குச்சியில் காப்பி வாங்கிக் குடித்தவள். அதைப் பார்த்து வளர்ந்ததால் கை நீட்டுவது என்பது எனக்கு ஆகாது. புருஷன் போனபோதுகூடச் சவப்பெட்டிக்கு யாரிடமும் கேட்கவில்லை. முதலாளியிடம் கேட்டதில் எனக்குக் கூச்சமில்லை, அவர் யாரோ. இவர்கள் என்னோடு கோயிலில் முட்டிபோடுகிறவர்கள்.

எங்கள் தெருக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வோம். அன்பியம் என்று அதற்குப் பெயர். அந்த வாரம் ஜெபம் முடிந்து டீ கொடுக்கும்போது எழுந்து நின்றேன். சொல்லவேண்டியதைச் சொன்னேன்.

பேங்கில் வேலை பார்க்கிற ஒருத்தி, “என்னங் பெரியம்மா, நீங்களும் வசூல் நோட்டுப் புஸ்தகத்தத் தூக்கிட்டு வந்துட்டீங்களா? போன மாசந்தான் திருவிழாவுக்கு வாங்கிட்டுப் போனாங்க” என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். திரும்பி வந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

“எனக்குக் கேக்கல கண்ணு,” என்றேன். “எனக்குன்னா இந்த வாசப்படியே மிதிச்சிருக்க மாட்டேன். அஷ்டமி நவமிய யாரும் எடுத்துக்க மாட்டீங்கறாங்க. அது நமக்குத்தான் கெடையாதே, நம்மாளுங்க எடுத்துக்கலாமேன்னு வந்தேன்.”

இப்போது சிரித்தது வேறு சிரிப்பு. காந்திபுரத்தில் ஜவுளிக்கடையில் நிற்கிற ஒருத்தி, “நமக்கு எத மிச்சம் வெச்சாங்களோ அதுதானுங்க எப்பவும்” என்றாள். பிறகு அவளே, “எங்கப்பன் செத்தது பன்னண்டாந் தேதி. அது என்னன்னு பாருங்க” என்றாள். அந்த வீட்டு நாள்காட்டியைப் புரட்டினோம். நவமி.

“எழுதிக்கங்க. பூசையில பேரு படிச்சா அவருக்குக் கேக்குதோ என்னமோ. பலகையில எழுதுனா வேலைக்குப் போறப்ப நானாவது பாப்பேன்.”

அதற்கப்புறம் ஒவ்வொருவரும் தங்கள் செத்தவர்களின் தேதியைச் சொல்லிப் பார்த்தார்கள். அஷ்டமியில் விழாவிட்டால் ஏமாந்துபோன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. நான் செருப்பு மாட்டும்போது பேங்க்காரி பின்னாலேயே வந்தாள்.

“ஒரு கரிநாள் எனக்குப் போட்டுக்கங்க பெரியம்மா. பேரு மட்டும் எழுதாதீங்க.”

“ஏன் கண்ணு?”

“எங்க மாமியா அந்தச் சந்து வழியாத்தான் ரேசனுக்குப் போறாங்க.”

பலகையில் அந்தத் தேதிக்கு நேராக ‘ஒருவர்’ என்று மட்டும் எழுதினேன். முதலாளி அதைப் பார்த்துவிட்டு, “யாருங்க இந்த ஒருவர்?” என்று என்னைத் துருவித் துருவிக் கேட்டார். நான் சொல்லவில்லை. பெயர் வேண்டாம் என்றும் ஒருத்தர் கொடுப்பாரா என்று அவருக்கு ஆச்சரியம். எனக்கும்தான்.

மாசக் கடைசி நாள் பலகை முழுதாக நிறையவில்லை. இரண்டு இடம் காலி. டீச்சர் அந்த இரண்டு இடத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனாள். லேத்துச் சத்தத்தில் அவள் பேசியது ஒன்றும் கேட்கவில்லை. நான் பிள்ளையைக் கம்பிக்கு நடுவில் நிறுத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மேடம் தம் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

திரும்பி வந்தவள் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். “ஆஸ்பத்திரிக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு மேலதான் வர முடியும்னு சொல்லிட்டனுங்க. யோசிச்சுட்டு ஒத்துக்கிட்டாங்க.”

“காலையில?” என்று மேடம் கேட்டார்.

“காலையில இங்கதானுங்க. அடுத்த மாசம் போர்டப் பாத்துட்டு மறுக்காச் சொல்றேன்.”

வாழ்நாள் முழுக்க இருக்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. சுடிதாரின் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து என் கையிலிருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டாள். நான் நாள்காட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதற்கும் அடுத்த மாசத்தைப் புரட்டினேன். ஒரு அஷ்டமி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்திருந்தது. அன்றைக்கு எங்களுக்கு லீவு. ஒரு ஆள் குறைவாகத் தேடினால் போதும்.